புது பெட்ரோல் பம்பு மாட்டியும் பிரஷர் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பம்பு மாற்றியாயிற்று, காசும் போயிற்று, வண்டி மட்டும் பழையபடியே திணறுகிறது என்பதுதான் எல்லாருடைய புலம்பலும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களை மனதில் வைத்து எழுதியது. டீசலுக்கும் பைக்குக்கும் கடைசிப் பக்கம் இரண்டு வரி உண்டு. பெட்ரோல் பிரஷரை அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்காமல், வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இரண்டாவது பம்பு வாங்கப் போகாதீர்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பம்பே புதுசு. அப்புறம் எப்படிப் பிரஷர் குறையும்?

பம்பு பெட்ரோலைத் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. தள்ளிய பெட்ரோல் போகிற வழி ஒழுங்காக இருந்தால்தான் பிரஷர் நிற்கும். டேங்க்குக்குள் அடியில் சல்லடை, அதன் மேல் மோட்டார், மோட்டாரில் இருந்து மேல் மூடிக்குப் போகும் சின்னக் குழாய், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், பிரஷரை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர், ஃபில்டர், பிறகு வண்டிக்கு அடியில் ஓடும் லைன், இன்ஜின் மேல் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் என்ற குழாய், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். இதில் ஓரிடத்தில் ஒழுகினாலும் பிரஷர் விழும், ஓரிடத்தில் அடைத்தாலும் விழும். இதெல்லாம் சரியாக இருந்தும் மோட்டாருக்குப் போகும் கரண்ட் போதவில்லை என்றாலும் விழும்.

பழைய பம்பு ஏன் செத்தது என்றும் யாரும் கேட்பதில்லை. டேங்க் அடியில் கிடந்த சேறு, சூடேறிக் கறுத்த கப்ளர் (வயர்கள் சேரும் பிளக்), துரு பிடித்த எர்த், இவைதான் அதைக் கொன்றிருந்தால் புது பம்பும் அதே சேற்றைத்தான் உறிஞ்சுகிறது, அதே கப்ளரில்தான் ஓடுகிறது.

பிரஷர் குறைவு என்று எப்படிச் சந்தேகப்படுவது?

செல்ஃப் நீளமாக அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகும். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓரளவு ஓடும், மிதித்தால் ஒரு கணம் அமுங்கிப் பிறகு எழும். கயத்தாறு தாண்டி நான்கு வழிச்சாலையில் வேகம் பிடித்து ஓவர்டேக் எடுக்கும்போது இழுக்காது. ஏசி போட்டால் இன்னும் மோசம். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0171 என்று வரலாம். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். ரெயிலில் பிரஷர் சென்சார் உள்ள வண்டியாக இருந்தால் பி0087 வரும்.

இதே அறிகுறிகளை ஸ்பார்க் பிளக்கும் காயிலும் காட்டும், அடைத்துப்போன சைலன்சர் கேட்டலிஸ்டும் காட்டும். சந்தேகம் வரலாம், தீர்ப்பைக் கேஜ் சொல்லட்டும்.

எத்தனை பார் இருக்க வேண்டும்?

வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. பொதுவாகச் சொன்னால், டேங்க்குக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிற, மிஞ்சிய பெட்ரோலை இன்ஜினில் இருந்து டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத கார்களில் 3 பார் சுற்றி இருக்கும். சில மாடல்களில் 3.5, சிலவற்றில் 4. இவற்றில் ஐடிலிலும் வேகத்திலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

ரெயிலிலேயே ரெகுலேட்டர் வைத்து, வேக்கம் குழாய் மாட்டிய பழைய ரகங்களில் கதை வேறு. ஐடிலில் 2.5 சுற்றிக் காட்டும். வேக்கம் குழாயைக் கழற்றினால் அரை பார் போல ஏறும். இது தெரியாமல் ஐடிலில் 2.5 காட்டுகிறதே என்று நல்ல பம்பைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

கேஜில் பிஎஸ்ஐ மட்டும் இருந்தால் 14.5 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 43.5 பிஎஸ்ஐ என்பது 3 பார். பழைய மேனுவல்களில் கிலோ கணக்கில் போட்டிருந்தால் அது கிட்டத்தட்ட பார்தான்.

கேஜை எங்கே மாட்டுவது? ரெயிலில் வால்வே இல்லையே?

நம்மூரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றின் ரெயிலில் டயர் வால்வு மாதிரியான டெஸ்ட் வால்வு கிடையாது. லைன் ரெயிலில் சேரும் இடத்தைக் கழற்றி, நடுவில் 'டி' அடாப்டர் கோர்த்து, அதில் கேஜ் மாட்ட வேண்டும். கேஜ் செட் வாங்கும்போதே உங்கள் வண்டியின் குவிக் கனெக்டருக்கு ஏற்ற அடாப்டர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் ஹோஸை வெட்டி, கிளாம்ப் போட்டுக் கேஜ் சொருகுகிற வேலை வேண்டாம். 3 பாரில் கழன்று சூடான இன்ஜின் மேல் பீய்ச்சினால் வண்டியோடு போய்விடும்.

கழற்றும் முன் லைனில் உள்ள பிரஷரை இறக்க வேண்டும். பம்பு பியூஸையோ, பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயையோ பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். தானாக ஆஃப் ஆகும். அப்புறம் இன்னும் சில நொடி செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். இணைப்பைச் சுற்றித் துணி போட்டுத்தான் அவிழ்க்க வேண்டும்.

திறந்த வெளியில் செய்யுங்கள். ஷெட்டுக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஹாலஜன் விளக்கு வெளிச்சத்தில் டேங்க் திறப்பதைப் பார்த்தாலே வயிறு கலங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்துக் கடையில் வெல்டிங் பொறியைத் தேடிப் பிடிக்கும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேஜ் மாட்டியாச்சு. எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் சாவியை மட்டும் போடுங்கள். பம்பு இரண்டு நொடி போல ஓடி நின்றுவிடும், இன்ஜின் சுற்றாவிட்டால் கம்ப்யூட்டர் அதை நிறுத்திவிடும். முதல் தடவையிலேயே முள் முழு அளவுக்கு வர வேண்டும் என்றில்லை. பம்பு மாற்றிய பிறகு லைனில் காற்று இருக்கும், நான்கைந்து தடவை சாவி போட்டு எடுத்தால் காற்று வெளியேறும். பலர் இங்கேயே பயந்துவிடுகிறார்கள்.

பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் பாருங்கள். அப்புறம் ஆக்சிலேட்டரை வெடுக்கென்று மிதித்துப் பாருங்கள். முள் தொய்ந்து மீள்கிறதா, தொய்ந்தபடியே நிற்கிறதா? அதன் பிறகு வண்டியை ஆஃப் செய்து, பத்து நிமிடம் கேஜையே பார்த்துக்கொண்டு உட்காருங்கள். இந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதி நோய் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வண்டியில் 3 வர வேண்டியது 1.8-லேயே நிற்கிறது. முதலில் எதைத் திறப்பது?

எதையும் திறக்காதீர்கள். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். டேங்க் திறக்காமல், ஒரு சொட்டு பெட்ரோல் சிந்தாமல் பார்க்கக்கூடியது கரண்ட் மட்டும்தான், அதனால் அதுதான் முதல்.

பெரும்பாலான கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு தகடு மூடி, அதற்குக் கீழே பம்பு கப்ளர். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்புறம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய பின் சொருகி, இன்ஜின் ஓடும்போது அளக்க வேண்டும். பம்பின் இரண்டு வயர்களுக்கு நடுவே எவ்வளவு வோல்ட்? அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் எவ்வளவு? பேட்டரியில் 14 இருந்தால் பம்பில் 13.5 ஆவது வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுவில் எங்கோ கரண்டைத் தின்கிறது.

விலையுயர்ந்த சில மாடல்களில் பம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனி மாட்யூல் இருக்கும். அவற்றில் மீட்டர் குறைத்தே காட்டும், அது கோளாறு அல்ல. மற்ற வண்டிகளுக்கு மேலே சொன்ன கணக்கு போதும்.

எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்த்தார், முழு 12 வோல்ட்டும் வருகிறது என்றார். பிறகென்ன?

கப்ளரைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாரா, மாட்டியபடி பம்பு ஓடும்போது பார்த்தாரா என்று கேளுங்கள். வித்தியாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

உவரி பக்கம் கடற்கரையோரம் நிற்கும் வண்டி ஒன்று. கப்ளரைக் கழற்றி அளந்தால் 12.4 வோல்ட். அழகாக இருக்கிறது. கப்ளரை மாட்டிப் பம்பை ஓடவிட்டு அளந்தால் 9-க்கும் கீழே இறங்குகிறது. வயர் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைச் சுற்றி உப்புக் காற்றில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் அதே பம்பு முழு பிரஷரைக் காட்டியது. அந்த வண்டிக்கு ஏற்கெனவே ஒரு புது பம்பு தண்டமாகப் போயிருந்தது.

காரணம் எளிது. மீட்டர் தானாகக் கரண்ட் இழுப்பதில்லை, அதனால் கெட்டுப்போன இணைப்பு வழியாகவும் முழு வோல்ட் தெரியும். பம்பு 6 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். மீதியில் மோட்டார் சுழலும், சத்தமும் வரும், பிரஷர் வராது.

எந்தப் பக்கம் போகிறது என்று பிரிப்பதும் கஷ்டமில்லை. பம்பு ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும், மறு முனையைப் பம்பின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. இல்லையென்றால் பாசிட்டிவ் பக்கம். அங்கே ரிலே, பியூஸ் பெட்டி, கப்ளர் பின் என்று ஒவ்வொன்றாக வாருங்கள். ரிலேக்குள் கறுத்துப்போன பாயின்ட் அடிக்கடி அகப்படும். மாற்றுவதற்கு அதைவிட மலிவான சாமான் இந்த வரிசையில் எதுவும் இல்லை.

கரண்ட் சரியாக இருக்கிறது. செலவு குறையட்டும் என்று முழு அசெம்பிளி (டேங்க்குக்குள் இறங்கும் மொத்த பம்பு செட்) வாங்காமல் உள்ளே மோட்டார் மட்டும் மாற்றினோம். அதில் தப்பு நடந்திருக்குமா?

நடந்திருக்கலாம். மோட்டார் மட்டும் மாற்றுவது தப்பான வேலை இல்லை, கவனமாகச் செய்தால் பல வருடம் ஓடும். ஆனால் அசெம்பிளியைப் பிரித்துக் கோர்க்கும்போது கை பட்ட ஒவ்வொரு இடமும் இப்போது சந்தேகத்துக்குரியது.

முதல் குற்றவாளி மோட்டாரில் இருந்து மூடிக்குப் போகும் குழாய். கம்பெனியில் இருந்து வரும்போது அது வளையம் வளையமான நைலான் குழாய். சூடுபடுத்தித்தான் கழற்ற வரும், பலர் அறுத்தே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கடையில் கிடைத்த ரப்பர் ஹோஸைச் சொருகிக் கிளாம்ப் போடுவார்கள். ஹோஸ் மேலே 'பெட்ரோல் ஹோஸ்' என்றே எழுதியிருக்கும். ஆனால் சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்ளே பெட்ரோல் ஓடுவதற்காகச் செய்தது, வெளியேயும் பெட்ரோலில் ஊறிக் கிடப்பதற்காக அல்ல. டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்க வேண்டிய ஹோஸ் தனி ரகம். அதில் எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சடித்திருக்கும், விலையும் கூடுதல்.

அம்பாசமுத்திரம் பக்கத்து ஹேட்ச்பேக் ஒன்றில் பம்பு மாற்றிய புதிதில் எல்லாம் சரியாக இருந்தது. வாரங்கள் போகப் போகப் பிக்அப் குறைந்தது. அசெம்பிளியைத் தூக்கிப் பார்த்தபோது அந்த ரப்பர் ஹோஸ் உப்பி, நகத்தால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. கிளாம்ப்புக்கு அடியில் ஒரு கீறல். பம்பு முழு மூச்சாகத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது, பாதி பெட்ரோல் அந்தக் கீறல் வழியாக டேங்க்குக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, வாடையும் இல்லை. இதனால்தான் இந்தக் கோளாறு லேசில் அகப்படுவதில்லை.

அடுத்தது ஓ-ரிங். ரெகுலேட்டரைப் பிடுங்கி மாட்டும்போது பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டால் அது கிள்ளப்பட்டோ, மடங்கியோ உட்காரும். சில நேரம் பழைய மோட்டாரோடு ஒட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிக்கே போயிருக்கும். புது ஓ-ரிங், லேசாகப் பெட்ரோல் தொட்டுத் தடவி, நேராக அழுத்த வேண்டும். மூன்றாவது, சல்லடை. டேங்க் தரையில் தட்டும்போது அது மடங்கிக்கொண்டால் உறிஞ்சும் வாய் அடைத்துவிடும்.

பம்பு சத்தம் நன்றாகக் கேட்கிறதே. அப்போ பம்பு நல்லதுதானே?

சத்தம் கேட்டால் மோட்டார் சுழல்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எந்தப் பக்கம் சுழல்கிறது?

சிரிக்க வேண்டாம். மோட்டார் மட்டும் மாற்றும்போது பழைய கப்ளர் பொருந்தாமல் வயரை வெட்டி ஒட்டினால் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிப் போவது நடக்கிற காரியம். தலைகீழாகச் சுழன்றாலும் சத்தம் வரும், பிரஷர் மட்டும் ஏறாது. அதனால் ஆளைக் குழப்பிவிடும். பம்பு தலையில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும், வயரைத் தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

புது பம்பு பழையதைவிட அதிகமாக ஊளையிட்டால் அது உறிஞ்சும் பக்க அடைப்பின் அடையாளமாகவும் இருக்கலாம்.

டூப்ளிகேட் பம்பாக இருக்குமோ?

இருக்கலாம். ஆனால் கரண்டும் குழாயும் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு வர வேண்டும். பெட்டியும் ஹோலோகிராமும் அச்சு அசலாக வருகிற காலம் இது, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

டூப்ளிகேட்டைவிட அதிகமாகக் குழப்புவது தவறான மாடல். வெளி உருவம் ஒன்றாக இருக்கும், உள்ளே ரெகுலேட்டர் 3 பாரா 4 பாரா என்பது வேறாக இருக்கும். 4 கேட்கும் வண்டியில் 3 பார் அசெம்பிளி மாட்டினால் பம்பு, வயர், ஃபில்டர் எல்லாம் நல்லதாகவே இருந்தும் பிரஷர் ஏறாது. கார்புரேட்டர் வண்டிக்கான பம்பு அரை பார்கூடத் தராது. அதை இன்ஜெக்‌ஷன் வண்டியில் மாட்டினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய அசெம்பிளியின் மூடியில் உள்ள பார்ட் நம்பரைப் புதியதோடு ஒத்துப் பாருங்கள்.

ஐடிலில் 3 பார் சரியாகக் காட்டுகிறது. செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது மட்டும் வண்டி உட்கார்ந்துவிடுகிறது.

பிரஷர் ஒன்று, அளவு இன்னொன்று. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் கொஞ்சூண்டு, அரைகுறைப் பம்பும் அதற்கு ஈடு கொடுக்கும். ஆரியங்காவு ஏற்றத்தில் நான்கு பேரும் சாமானும் ஏசியுமாக இரண்டாவது கியரில் மிதிக்கும்போதுதான் உண்மையான பசி தெரியும். கேஜை நீளமான ஹோஸில் மாட்டி, கண்ணாடிக்கு வெளியே வைப்பர் அருகே படுக்க வைத்துக் கட்டி ஓட்டிப் பாருங்கள். கேஜைக் காருக்குள் கொண்டுவராதீர்கள், பெட்ரோல் லைன் உள்ளே வரக்கூடாது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும். இழுக்காத நேரத்தில் முள்ளும் சேர்ந்து விழுந்தால் பெட்ரோல் பக்கக் கோளாறு. முள் அசையாமல் நின்றால் தேட வேண்டிய இடம் வேறு.

இன்னொரு வழி அளந்து பார்ப்பது. லைனை ஒரு அளவுக் கேனில் விட்டு, ரிலேயை எடுத்துவிட்டு அதன் 30, 87 பின்களைப் பியூஸ் வைத்த வயரால் இணைத்துப் பம்பை 30 நொடி ஓடவிட வேண்டும். பொதுவாக அரை லிட்டர் சுற்றி வர வேண்டும், மேனுவல் எண் இருந்தால் அதுவே கணக்கு. அதில் பாதிதான் வருகிறது என்றால் சல்லடை, ஃபில்டர், நசுங்கிய லைன் என்று தேடுங்கள். வண்டிக்கு அடியில் ஜாக்கி வைத்த இடத்தில் லைன் சப்பையாகக் கிடப்பதும் உண்டு. இந்த டெஸ்டைத் தனியாளாகச் செய்ய வேண்டாம்.

காலையில் மட்டும் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது.

வண்டியை ஆஃப் செய்த பிறகும் லைனில் பிரஷர் தங்க வேண்டும். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வுதான் அதைப் பிடித்து வைக்கிறது. ஆஃப் செய்ததும் முள் மடமடவென்று இறங்கினால், அந்த வால்வு, டேங்க்குக்குள் உள்ள குழாய், ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் இவற்றில் ஒன்று.

பிரித்துப் பார்க்க, கேஜ் செட்டில் உள்ள அடைப்பு வால்வைப் பயன்படுத்துங்கள். பிரஷர் ஏறியதும் டேங்க் பக்கத்தை மூடினால் முள் நிற்கிறதா? நின்றால் கோளாறு டேங்க் பக்கம். மூடிய பிறகும் இறங்கினால் இன்ஜெக்டர் பக்கம். லைனை இடுக்கியால் நெரித்துப் பார்ப்பது பழைய ரப்பர் லைன் காலத்து வித்தை. இப்போதுள்ள நைலான் லைனை நெரித்தால் உடைந்துவிடும்.

பெட்ரோல் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று சத்தம், அதன் பிறகு கொஞ்ச தூரம் வண்டி நன்றாக ஓடுகிறது. ஏன்?

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் குளுக் குளுக்கென்று நின்று நின்றுதான் வரும். உங்கள் டேங்க்குக்கும் அதே நிலைமை. பெட்ரோல் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அது பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் என்ற கரி டப்பா வழியாக வருகிறது. அந்த வழி அடைத்தால் டேங்க்குக்குள் வேக்கம் உண்டாகிப் பம்பைப் பின்னுக்கு இழுக்கும். பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றுக் காலத்தில் பறக்கும் மண்ணும், காற்றுக் குழாய் முனையில் குளவி கட்டும் மண்கூடும் இதைச் செய்யும். மூடியை லேசாகத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். சரியானால் பம்பு மேல் பழி இல்லை. சோதனைக்கு மட்டும்தான் இது, தளர்ந்த மூடியோடு ஊர் சுற்ற வேண்டாம்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவது இப்போது சௌகரியமாகிவிட்டது. உண்மை பாதிதான். நாட்டில் 10 சதவீதக் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது, 20 சதவீதம் 2023-இல் இருந்து படிப்படியாக வந்தது. எத்தனால் டேங்க் சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்து இறக்கும், அது நேராகச் சல்லடைக்கு வரும். பழைய காலத்து ரப்பர் சிலவற்றை உப்ப வைக்கும், கெட்டியாக்கவும் செய்யும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே பழைய வண்டியில் பம்பு மாற்றும்போது டேங்க் கழுவாமல், சல்லடை மாற்றாமல் விட்டால் சீக்கிரமே திரும்பவும் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலால் கேஜ் முள் நேரடியாக இறங்கிவிடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி மூழ்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

நிச்சயமாக இருக்கலாம். டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கம் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் சீட் வரை மூழ்கின. இன்ஜின் ஆயிலை மாற்றி, சீட்டைக் காய வைத்து ஓட்டத் தொடங்கியவர்கள் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வண்டல் உள்ளே உட்கார்ந்து, பின்கள் மெல்ல மெல்ல அரித்து, வருடங்கள் கழித்துப் பம்பு போகும். அப்படிப்பட்ட வண்டியில் பம்போடு சேர்த்துக் கப்ளரையும் மாற்றிவிடுங்கள். டேங்க் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு கிழித்த மாதிரி தனியாக நிற்கும்.

எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறேன். சிஎன்ஜியும் மாட்டியிருக்கிறேன்.

அப்படியானால் அடுத்த பம்புக்கும் காசு எடுத்து வையுங்கள். மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். சிஎன்ஜியில்தானே ஓடுகிறது என்று டேங்க்கைக் காய விடுகிறவர்கள் வண்டியில் பம்பு வெயிலோடு வெயிலாகக் கருகும். கால் டேங்க்காவது எப்போதும் இருக்கட்டும்.

ஸ்கேனர் போட்டால் போதாதா, கேஜ் எதற்கு?

பெரும்பாலான சின்னப் பெட்ரோல் கார்களில் பிரஷர் சென்சாரே கிடையாது. இல்லாததை ஸ்கேனர் எப்படிக் காட்டும்? ஆனால் ஒரு நல்ல குறிப்பு அதில் உண்டு. ஃபியூயல் டிரிம் என்ற எண் பிளஸ் 20, 25 சதவீதம் என்று ஏறியிருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கிறது. ஐடிலில் அதிகமாகவும், வேகத்தில் குறைவாகவும் இருந்தால் எங்கோ காற்று உள்ளே ஒழுகுகிறது. ஐடிலில் பரவாயில்லை, லோடு ஏற ஏறக் கூடுகிறது என்றால் பெட்ரோல் வரத்துப் போதவில்லை.

டீசல் காருக்கும், பைக்குக்கும் இதே முறையா?

டீசல் காமன் ரெயிலில் கை வைக்காதீர்கள். அங்கே ஐடிலிலேயே நூற்றுக்கணக்கான பார் இருக்கும், கசிவு தோலைக் கிழித்து உள்ளே போகும். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் டேங்க் பக்கத்துப் பம்புக்கு மட்டும் மேலே சொன்னவை பொருந்தும், இன்ஜின் மேல் உள்ள ஹை பிரஷர் பக்கம் ஒர்க்‌ஷாப் வேலை. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 பைக்குகளில் தத்துவம் இதேதான், டேங்க் சின்னது, அவ்வளவே.

அண்ணாச்சி, கடைக்காரர் எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது என்கிறார். ஒர்க்‌ஷாப்பில் பம்பு கம்ப்ளெய்ன்ட் என்கிறார்கள். நான் யாரை நம்ப?

எண்ணை நம்புங்கள். இரண்டு பேரிடமும் பேசும் முன் கையில் இருக்க வேண்டியவை: பம்பு ஓடும்போது கப்ளரில் எடுத்த வோல்ட், சாவி போட்டதும், ஐடிலிலும், மிதித்தபோதும், ஆஃப் செய்து பத்து நிமிடம் கழித்தும் கேஜ் காட்டிய பிரஷர், இவற்றின் போட்டோ. கப்ளரில் 13.5-க்கு மேல் வோல்ட், டேங்க்குக்குள் குழாயும் ஓ-ரிங்கும் புதுசு, சல்லடை சுத்தம், ரெகுலேட்டரும் ஃபில்டரும் சரி, பார்ட் நம்பர் சரி, இருந்தும் முள் 2-ஐத் தாண்டவில்லை என்றால் பம்புதான் மோசம் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தப் போட்டோக்களோடு போனால் ரிட்டர்ன் இல்லை என்று போர்டு மாட்டிய கடைக்காரரும் வாரண்டி ஃபாரத்தை எடுத்து வைத்துப் பேசுவார்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுக்கும்போதே பழைய பம்பைத் தூக்கிப் போடாமல் தரச் சொல்லுங்கள். அதன் சல்லடையை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். கறுப்புப் பொடியோ, செந்துருவோ கொட்டினால் புது பம்பு மாட்டும் முன் டேங்க்கை இறக்கிக் கழுவச் சொல்லுங்கள், அதற்குக் கூலி தனியாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.